சேதி இல்லாத ஓட்டம்

புரட்டாசி 10, ஞாயிறு

வெயில். காற்றே இல்லை.

வருஷத்தை எண்ணில் எழுதத் தெரியவில்லை. பட்டணத்து ஜனங்கள் குண்டுக்குப் பயந்து மூட்டை முடிச்சோடு நம் பக்கம் ஓடிவந்தார்களே, அதற்கு மறுவருஷம். பெட்ரோல் இல்லாமல் பஸ் கரியில் ஓடுகிற வருஷம். மகன் ஏழுமலையிடமிருந்து கடுதாசி நின்றுபோன வருஷம்.

எழுத்து அவன் சொல்லிக்கொடுத்ததுதான், பட்டாளத்துக்குப் போகுமுன். கடுதாசி எழுதுப்பா என்றான். இப்போது கூட்டிக் கூட்டி எழுதுகிறேன், அனுப்ப விலாசம் இல்லை. அதனால் இந்த நோட்டில்.

சந்தையில் தமுக்கு. யுத்த நிதிக்கு ஓட்டப் பந்தயம், ஐப்பசியில். திண்டிவனத்தில் புறப்பாடு, விழுப்புரம் டவுனில் முடிவு. எந்த வயசும் வரலாம், எந்த ஜாதியும் வரலாம். ஓடி முடிக்கிற எல்லோருக்கும் பட்டாளத்துத் துரை கை கொடுப்பார்.

கை கொடுக்கிறவர் பக்கத்தில் நிற்பார். பக்கத்தில் நின்றால் கேட்கலாம், என் பிள்ளை எங்கே என்று. ஆள் சேர்க்கிற ஆபீசுக்குப் போய்ப் போய்ப் பார்த்தாயிற்று. கேட்டைத் தாண்ட விடவில்லை.

இந்த ரோடு எனக்குப் புதுசு இல்லை. வாலிபத்திலிருந்து ஊரார் வீட்டுச் சாவுக்கெல்லாம் உறவுக்காரர் ஊருக்குச் சேதி கொண்டு ஓடினவன் நான்தான்.

புரட்டாசி 11

விடியலில் ஓடிப் பார்த்தேன். வேட்டியை முட்டிக்கு மேல் கட்டினால் காலா அது, காய்ந்த முருங்கைக் குச்சி. யாரும் பார்க்கக்கூடாதே என்று ஏரிக்கரைப் பக்கம் போனேன். மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்கு நடுவே, கொல்லைக்காரர் மகன். என் பேரன் வயசு.

"டேய் முனியா, யார்டா செத்துப் பூட்டது?"

"யாரும் இல்லீங்க."

"அப்புறம் இன்னாத்துக்குடா ஓடற?"

நடந்தேன். அவன் கண் மறைந்ததும் திரும்ப ஓட்டம். திருடன் மாதிரி.

புரட்டாசி 13, அமாவாசை

மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகிற கும்பல் ரோடு முழுக்க. அதற்குள் ஓடினேன், புத்தி கெட்டு. என்னைப் பார்த்ததும் ஒருத்தி தாலியைத் தொட்டுக்கொண்டாள். அதன்பிறகு கால் ஓடவில்லை.

சாயங்காலம் அஞ்சலைக்குப் படையல். காலராவில் போனாளே, என் பெண்சாதி. பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் வந்து உட்கார்ந்தான். கரி பஸ்ஸில் அடுப்புக்குக் கரி போடுகிறவன். நல்லவன். வாய்தான்.

"ஏழுமலைக்கும் ஒரு எலை போட்டுடு மாமா. எதுக்கும் இருக்கட்டும்."

"எழுந்து போடா" என்றேன்.

அவன் சொல்லுமுன்பே இரண்டு இலை அறுத்து வைத்திருந்தேன். ஏன் அறுத்தேன்? கை தானாக அறுத்தது. இரண்டாவதை மாட்டுக்குப் போட்டேன்.

புரட்டாசி 17, ஞாயிறு

மேகம். தூறல்.

எழுத வரவில்லை. எழுதுகிறேன்.

கூட்டேரிப்பட்டு வரை ஓடி, மகள் செல்லம்மா வீட்டில் கூழ் குடித்துத் திரும்பலாம் என்று கிளம்பினேன். நல்ல ஓட்டம். மூச்சு வாங்கவில்லை. சந்தோஷமாகக்கூட இருந்தது. இப்போது குத்துவது அதுதான்.

ரோட்டோரம் முறத்தில் வறுத்த மல்லாட்டை வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். யாரோ சொன்னார்கள்: "செல்லம்மா, உங்கப்பன் ஓடியாறாரு பாரு." நிமிர்ந்தாள். நான் கையை ஆட்டினேன். சிரித்தேன். அத்தனை தூரத்தில் சிரிப்பு தெரியாது. ஓட்டம்தான் தெரியும்.

முறம் கவிழ்ந்தது. "ஐயோ தம்பீ! ஏழுமல!" என்று சேற்றில் விழுந்து மார்பில் அடித்துக்கொண்டாள். தெருப் பெண்கள் ஓடிவந்தார்கள். அவள் மாமியார் கொண்டையை அவிழ்த்துப் போட்டு ஒப்பாரியை எடுத்தேவிட்டாள். நான் எதிரே நிற்கிறேன். மூச்சு இரைக்கிறது, வார்த்தை வரவில்லை. நிஜச் சேதி கொண்டுபோன நாளிலும் இப்படித்தான் நிற்பேன்.

"யாரும் சாவல. சும்மா ஓடினேன்."

ஒப்பாரி நின்றது. மாமியார் கொண்டையை முடிந்துகொண்டே, "சும்மா யாராச்சும் ஓடுவாங்களா சம்மந்தி? புத்தி கித்தி கலங்கிப் போச்சா?" என்றாள். ஒருவன் சிரித்தான். பிறகு எல்லோரும்.

செல்லம்மா சிரிக்கவில்லை. "யப்பா, நீ ஓடியாந்து என்னிக்காவது நல்ல சேதி சொல்லியிருக்கிறியா?"

குந்தி மல்லாட்டையைப் பொறுக்கினேன். பாதி சேறு. முறத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "வுடு. போ."

திரும்ப முழுக்க நடை.

புரட்டாசி 18

ஓடவில்லை. கேப்பைக் கூழ் இறங்கவில்லை. எனக்கு முன்னால் கதை பஸ்ஸில் ஊர் வந்துவிட்டது. கன்னியப்பன்: "பொணமே இல்லாம ஒப்பாரி வெக்க வெச்சிட்டியாமே மாமா!" சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பந்தயம் வேண்டாம்.

புரட்டாசி 24, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. வேட்டி காயவில்லை.

செல்லம்மா வந்தாள், கரி பஸ்ஸில். வாசலிலேயே உட்கார்ந்தாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இந்த வயசுல இன்னாத்துக்குப்பா ஓட்டம்?"

சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்காமல். "நடந்து போனா கேட்டாண்டயே நிறுத்துறாங்கம்மா. ஓடி முடிச்சா தொரையே கை குடுப்பாராம். அந்தக் கையைப் புடிச்சிக்கினு தம்பியைப் பத்திக் கேட்டுடலாம்னு."

செல்லம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தொரைக்குத் தமிழ் தெரியுமா?"

இத்தனை நாளில் அதை நினைக்கவே இல்லை. காது வரை சூடு.

"சரி வுடு" என்றாள். எழுந்து பரண் பெட்டியிலிருந்து அவன் பட்டாளத்து உடுப்பில் எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். "இதை வாழைச் சருகுல சுத்தி மடியில முடிஞ்சிக்க. காட்டினா புரிஞ்சிக்குவாரு."

பஸ் ஏறும்போது: "எங்க ஊருகிட்ட வர்றப்போ தூரத்துலயே கூவிக்கினு வா. சும்மா, சும்மான்னு. இன்னொரு வாட்டி என்னால தாங்க முடியாதுப்பா."

ஐப்பசி 6, சனி

விடாத தூறல். நாளைக்கு ஓட்டம். வாழைச் சருகு ரெடி. காலுக்கு விளக்கெண்ணெய்.

திண்டிவனத்தில் பேர் கொடுக்கப் போனேன். நிஜார் போட்ட வாலிபர்கள். "தாத்தா, யாரை வழியனுப்ப வந்தீங்க?" சிரிப்பு. நான் கடைசியில் நின்றேன், காலை வேட்டியால் மூடிக்கொண்டு.

மேஜைக்காரர் நிமிரவில்லை. "வயசு?"

"தாது வருஷப் பஞ்சத்துல கைக்கொழந்தைங்க."

கணக்குப் போட்டு, அறுபத்தேழு என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்தார். மேலும் கீழும் பார்த்தார். "வழியில விழுந்து கிழுந்து பூட்டா யாருக்குச் சேதி சொல்றது?"

இத்தனை ஊர்ச் சேதி சொன்னவனுக்கு இதற்குப் பதில் இல்லை. அண்ணன் இல்லை. அஞ்சலை இல்லை. என்னோடு சேதிக்கு ஓடின சின்னான் இல்லை. ஏழுமலையை இருக்கிறவர்களோடு சேர்க்க வழி தெரியவில்லை. இல்லாதவர்களோடு சேர்க்க மாட்டேன்.

பின்னால் யாரோ இருமினார்கள்.

"யாருமே இல்லியா, பெரியவரே?"

"இருக்குதுங்க. கூட்டேரிப்பட்டுல, ஒரே ஆளு. ஆனா சேதி கொண்டு போறவரு ஓடக்கூடாதுங்க. நடந்தே போய்ச் சொல்லணும்."

"பேரு?"

"செல்லம்மா."