உடம்பு வலி என்று சொல்லாதே

கொழுந்து பறிக்கப் போகும்போது நீ இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற முரட்டுப் படங்குத் துணி இன்னும் என் வீட்டுக் கதவுக்குப் பின்னால்தான் தொங்குகிறது. இன்று காலையில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். பச்சைத் தேயிலை வாடை, உன் வேர்வை வாடை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

புற்றுநோய் உன்னைக் கொண்டுபோனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. சோறு மண்ணாக இருக்கிறது. பக்கத்து நிரையில் நீ இல்லை, செடிக்கு முன்னால் சும்மா நிற்கிறேன். மேஸ்திரி கத்தினால்தான் கை அசைகிறது. கேட்டவர்களிடமெல்லாம் "உடம்பு வலி" என்றேன். நம் எஸ்டேட்டில் எதற்கும் அந்த ஒரு சொல்தானே. அதற்குத்தான் லீவு, அதற்குத்தான் டிஸ்பென்சரியில் மாத்திரை. விழுங்கிவிட்டு மறுபடி மலையேறுவேன். இப்போதெல்லாம் போதும், செத்துவிடலாம் என்று தோன்றுகிறது. பிள்ளைகளைப் பார்க்கும்போதுகூடத் தோன்றுகிறது.

நீயும் அப்படித்தான் கிடந்தாய். உன் குழந்தை பிறந்த கையோடு செத்துப்போன அந்த வருஷம், மாசக்கணக்கில் உடம்பு வலி மாத்திரை தின்றாய். உன் மாமியார் மந்திரித்த கயிறு கட்டிவிட்டாள். ஒரு நாள் யாரையும் கேட்காமல் ஊட்டி பஸ் ஏறிவிட்டாய். திரும்பி வந்து, குழாயடியில் நின்று லயத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாய்: "மனசு டாக்டரப் பாத்துட்டு வர்றேன். பைத்தியம்னு சொல்றவ என் முன்னாடி வந்து சொல்லுங்கடி." மெல்ல மெல்லத்தான் தேறினாய். பழையபடி என்னைக் கிண்டல் செய்ய ஆரம்பித்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது.

அப்போது சொன்னாய்: "சாகலாம்னு தோணுச்சுன்னா நாளைக்குப் பாக்கலாம்னு இருக்காத புள்ள, ஆஸ்பத்திரிக்கு ஓடிரு. அங்கயும் போயி உடம்பு வலின்னு சொல்லித் தொலைக்காத. நம்ம நாக்கு அதுக்கே பழகிக் கெடக்கு."

படங்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கட்டபெட்டில் ஊட்டி பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண் நிமிர்ந்து, "என்னங்க பண்ணுது?" என்றாள். வாய் தானாக "உடம்பு" என்று ஆரம்பித்துவிட்டது. பைக்குள் கைவிட்டு உன் படங்கை இறுகப் பிடித்தேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க. எனக்குச் சாகணும்போல இருக்குதுங்க."

அவள் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, பக்கத்திலேயே நிற்கிறாள். இன்னும் சாகணும்போலத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லிவிட்டேன், புள்ள.