தஞ்சாவூர் மாடி வானொலி

786

தஞ்சாவூர்,
கார்த்திகை மாதம், 1981

அன்பு மகன் ஜெய்னுலாபுதீனுக்கு அம்மா ரஹ்மத் பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் மனைவி நஃபீசாவும் பிள்ளைகள் இருவரும் நனையாமல் நோகாமல் வயிறு நிறைய இருக்கிறோம், குவைத்தில் நீயும் உன் அறைக்காரப் பிள்ளைகளும் அதேபோல இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கூத்தாநல்லூர் வீடு பத்திரமாக இருக்கிறது, உன் தங்கை ஜன்னத் வந்து படுத்துக்கொள்கிறாள், கொல்லையில் ஒரு தென்னை சாய்ந்ததாம், நல்லவேளை அடுத்த வீட்டுச் சுவரில் விழாமல் நம் வேலியில்தான் விழுந்ததாம். என் மூட்டு வலி மழைக்குக் கொஞ்சம் கூடுதல்தான், அதற்காகக் கவலைப்படாதே. நீ வேளைக்குச் சாப்பிடு, குப்பூஸ் ரொட்டியையே தின்று காலம் தள்ளாதே.

நீ எனக்கு ஒரு வேலை சொல்லியிருந்தாய் அல்லவா, அது என்ன ஆயிற்று என்று அங்கே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாய், சொல்கிறேன். நீ பேசிக் கொடுத்தனுப்பிய கேசட்டை லீவில் வந்த அப்துல் அஜீஸ் கொண்டுவந்து கொடுத்தான், அவன் வீட்டு மெஷினிலேயே ஒருதரம் போட்டுக் கேட்டுவிட்டேன். பொம்பளை தனியாகத் தஞ்சாவூரில் மாடிவீடு எடுத்துக் குடியிருந்தது போதும், வீட்டைக் காலி செய்து பிள்ளைகளைக் கூத்தாநல்லூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சேர், அம்மா சொல்கிறபடி கேள் என்று நஃபீசாவுக்கு நீ போட்ட சத்தம் அஜீஸ் வீட்டுக் கோழிகளுக்கும் கேட்டிருக்கும். அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளோடு கடைத்தெருவில் சிரித்துக்கொண்டு போனாள் என்று யாரோ உனக்கு எழுதிவிட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் வாப்பா, நானும் அன்றைக்கு உன் பக்கம்தான். மருமகளையும் பேரப் பிள்ளைகளையும் கையோடு அழைத்து வருகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, உள்ளறைக்கு வெள்ளையும் அடிக்கச் சொல்லிவிட்டு, சாமான் கட்ட நம் பெரிய தகரப் பெட்டியைக் காலியாகத் தூக்கிக்கொண்டு, கேசட்டைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். வந்த அன்று ராத்திரியே அவளை உட்கார வைத்து உன் குரலைக் கேட்கவைத்துவிட்டு மறுநாள் பெட்டியைக் கட்டுவது என்றுதான் எண்ணம்.

நான் வந்து இறங்கியதும் வானம் பொத்துக்கொண்டது. கரண்டும் போய்விட்டது, மெஷினுக்குப் போடும் பேட்டரியும் தீர்ந்து கிடந்தது, கேசட் என் பைக்குள் போய்விட்டது. பெட்டியை வாங்கி மாடிக்குத் தூக்கியவள் நஃபீசாதான், கனத்தை வைத்தே அது காலி என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். உன் மகள் சஃபியாதான் என்ன அத்தம்மா, பெட்டியில ஒண்ணுமே இல்லையே என்று முறுக்கு அதிரசம் எதிர்பார்த்த ஏமாற்றத்தில் கேட்டுவிட்டாள். அதற்கு நஃபீசா, மாமி நனைஞ்சிருக்காங்க, முதல்ல துண்டு எடுத்துக் குடுடி என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள். நம் ஊரில் மழை பெய்தால் பிள்ளைகளை என்ன செய்வோம், போய்ப் படு என்போம், ஓது என்போம், மீறினால் முதுகில் ஒன்று வைப்போம். இவள் அப்படி இல்லை. காலையிலேயே கூடத்துத் தரையில் சாக்கட்டியால் பாண்டிக் கட்டம் போட்டுவிட்டாள், உன் மகன் மீரா உசேன் ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து அடுப்படி வரைக்கும் போய் வருகிறான். பாண்டி சலித்ததும் காகிதக் கப்பல். தெருத் தண்ணீர் மாடிப்படியின் கீழ்ப்படி வரைக்கும் வந்துவிட்டது, அதில் விட்டால் வாசல் தாண்டி யார் கப்பல் முதலில் போகிறது என்று பந்தயம். அது முடிந்ததும் கேரம் பலகை இறங்கியது. பலகைக்குப் போடும் பவுடர் இல்லை என்றதும் நீ போன லீவில் ஆசையாகக் கொண்டுவந்து கொடுத்தாயே வாசனைப் பவுடர், அந்த டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள். ஏண்டி, புருஷன் கடல் தாண்டி வாங்கிவந்த சாமானை இப்படியா கொட்டுவது என்றேன். அவருக்காகத்தான் மாமி பூசுறது, அவரு வர்ற வரைக்கும் பலகையாவது மணக்கட்டுமே என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தவள் நான் இருப்பது ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். நானும் பலகைக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டேன். சிவப்புக் காயைக் குழியில் போட்டு, கூடவே போட வேண்டிய ஃபாலோ காயையும் போட்டது உன் அம்மாதான் என்பதைத் தெரிந்துகொள்.

மறுநாள் கீழ்வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. கீழே இருப்பது இந்த வீட்டுக்குச் சொந்தக்காரி பிரகதாம்பாள் அம்மா, நன்னிலம் பக்கத்து மிராசு குடும்பம், வீட்டுக்காரர் காலமான பிறகு தனியாக இருக்கிறார்கள். நஃபீசா முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய் அவர்கள் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்தாள். வெள்ளத்துக்குப் பயந்து அவர்கள் எடுத்து வந்த சாமான் என்ன தெரியுமா, வெற்றிலைப் பெட்டியும் பித்தளைத் தாயக்கட்டையும்தான். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார வைத்தோம். கொஞ்ச நேரத்தில் நஃபீசா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, வாசல் தகரத்துக்குக் கீழே யாரோ ஒருத்தர் தொப்பலாக நனைந்து நிற்கிறார் என்றாள். பிரகதாம்பாள் அம்மாவும் பார்த்தார்கள், முகம் கறுத்துவிட்டது. அவன் வீரையன், என் நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவன், உழுகிறவனுக்குத்தான் நிலம் என்று சங்கக் கொடி பிடித்து என்மேலேயே கேஸ் நடத்துகிறவன், வாய்தாவுக்கு வந்திருப்பான், கோர்ட்டு மூடி பஸ்ஸும் நின்றிருக்கும் என்றார்கள். ஊரில் வேறு தெரிந்த வீடு இல்லாததால் அந்த மனிதர் பழைய பழக்கத்தில் அந்த வாசலுக்கே வந்து, ஏறி வர ரோசம் தடுத்து நின்றிருக்கிறார். மேல கூப்பிடட்டுமாங்கம்மா என்று நஃபீசா கேட்டாள். வாடகை குடுக்கிறே, உன் வீடு, நீ யாரை வேணா கூப்பிட்டுக்கோ என்று அந்த அம்மா வெற்றிலையைக் கிள்ளினார்கள். எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் இல்லாத வீட்டில் அந்நிய ஆம்பிளையையா என்று காதோடு கேட்டேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அதான் நீங்க இருக்கீங்களே மாமி என்றாள்.

வீரையன் வந்து நிலைப்படியிலேயே நின்றுகொண்டார். அவர் அப்பாவுடைய காலமாக இருந்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கீழே குந்தியிருப்பார், இப்போது காலம் மாறிவிட்டது, அந்த அம்மா நாற்காலியில் இருக்கும்போது அவர் தரையில் உட்கார மாட்டார். அவர் சமமாக உட்கார அந்த அம்மாவுக்கு மனசு வராது. மழையோ விடுவதாக இல்லை. இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு பொழுது எப்படிப் போகும் என்று நான் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருக்க, இவள் என்ன செய்தாள் தெரியுமா? கூடத்து நடுவில் தாயக் கட்டம் போட்டாள், பெரிய பாயை விரித்தாள், அம்மா நாற்காலியில இருந்தா கட்டைய உருட்ட எட்டாதுங்க, இப்படி வந்துடுங்க என்று கையைக் கொடுத்து இறக்கி, அடுத்த நிமிஷம் நாற்காலியைத் தூக்கி உள்ளறையில் போட்டுவிட்டாள். எல்லாருக்கும் ஒரே பாய். நானும் எத்தனையோ பஞ்சாயத்துக்காரர்களைப் பார்த்திருக்கிறேன் வாப்பா, ஒருத்தர் மானமும் போகாமல் இப்படி ஒரு நாற்காலியை எடுத்தவர்களைப் பார்த்ததில்லை.

யாரோடு யார் என்று சஃபியா திருவுளச்சீட்டுப் போட்டாள், நானும் அவளும் ஒரு பக்கம், பிரகதாம்பாள் அம்மாவும் வீரையனும் எதிர்ப்பக்கம் என்று வந்துவிட்டது. முதல் ஆட்டம் முழுக்க இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கட்டையை மட்டும் பார்த்தே உருட்டினார்கள். கட்டத்தைச் சுற்றி முடித்துப் பழமேறப் போகிற அவர்கள் காயை நான் வெட்டினேன் பார், அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வீரையா, எங்கே பராக்குப் பாத்துக்கிட்டு ஆடுறே என்று சத்தம் போட்டுவிட்டார்கள். அவரும் யோசிக்காமல், ஆத்துமேட்டுப் பங்கைத்தாம்மா நெனச்சுக்கிட்டு இருக்கேன், சம்பாப் பயிரு முழுகியிருக்கும் என்றார். மேலண்ட வரப்பை வெட்டிவிடச் சொல்லிட்டு வந்தியா இல்லையா என்று இவர்கள் கேட்க, சொல்லாம வருவேனாம்மா என்று அவர் சொல்ல, அதன்பிறகு வாய்க்கால், மடை, வடிகால் என்று எங்களை மறந்து இரண்டு பேரும் பேசினார்கள். கேஸ் நடப்பதே அந்த நிலத்துக்காகத்தானாம். உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, அடுத்த வாய்தாவுக்கு இருவரும் தனித்தனி வக்கீலோடு போகத்தான் போகிறார்கள். ஆனால் அடுத்த ஆட்டத்தில் என்னையும் சஃபியாவையும் சேர்ந்து வெட்டித் தள்ளிவிட்டார்கள்.

மத்தியானம் கரண்டு வந்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை. வானொலி நிலையம் வைக்கலாம் என்று சஃபியா ஆரம்பித்தாள். என்னுடைய காலிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து மேலே படுக்கை விரிப்பைப் போர்த்தி மேசையாக்கி, அதன்மேல் உன் டேப் ரிக்கார்டரை வைத்தார்கள். பதிவு செய்யக் கேசட் வேண்டுமே. அலமாரியில் ஒரு வரிசை இருந்தது, மீரா போய்க் கை வைத்தான். நஃபீசா அதுவரைக்கும் அதட்டியே நான் பார்க்கவில்லை, அப்போது அதட்டினாள். எல்லாம் அத்தா பேசுனது, அதுல ஒண்ணையும் அழிக்கக் கூடாது என்றாள். நீ கல்யாணமான புதிதில் அனுப்பியதிலிருந்து எல்லாவற்றையும் துணியில் சுற்றி, தூசி படாமல் வைத்திருக்கிறாள் வாப்பா. பிள்ளைகள் முகம் தொங்கிப்போயிற்று. அவள் முகத்தையும் பார்த்தேன். நான் எழுந்து போய் என் பையிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்து வந்து மெஷினில் போட்டேன்.

முதலில் உன் குரல் வந்தது. அம்மா, நல்லா இருக்கீங்களா, மூட்டு வலி எப்படி இருக்கு, உங்க கைச் சோறு நெனப்பாவே இருக்கும்மா என்கிறாய். நஃபீசா முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அதற்குப் பிறகு நீ தொண்டையைச் செருமுவாய், அவளைத் திட்ட ஆரம்பிப்பாய், எனக்குத்தான் தெரியுமே. செருமல் கேட்டதும் நிறுத்தினேன். சஃபியா, இதுக்கப்புறம் நீ பேசு, பதிவுப் பொத்தானை அமுக்கு என்றேன். அதுக்கப்புறம் அத்தா என்ன சொல்றாங்க என்று பிள்ளை கேட்டது. ஒண்ணும் இல்ல, மழைச் சத்தம்தான் என்றேன். நஃபீசா என்னைப் பார்த்தாள், அவளுக்குப் புரிந்துவிட்டது.

தஞ்சாவூர் மாடி வானொலி என்று அறிவித்தாள் பார் உன் மகள், மாஷா அல்லாஹ், என்ன குரல், என்ன உச்சரிப்பு! மீரா செய்தி வாசித்தான், மாநிலம் முழுக்க எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் தை மாதம் வரை லீவு என்று அவனே அரசாங்கம் நடத்திவிட்டான். வீரையன் விவசாயச் செய்தி சொன்னார், பிரகதாம்பாள் அம்மா கூச்சப்பட்டுக் கூச்சப்பட்டு ஒரு நலங்குப் பாட்டுப் பாடினார்கள், நஃபீசா உன் பவுடருக்கு விளம்பரம் செய்தாள். கடைசியாக நான் சிறப்பு விருந்தினராம். கரண்டியை மைக்காக நீட்டிக்கொண்டு சஃபியா கேட்டது, தாங்கள் இந்த மழையில் எதற்காகத் தஞ்சாவூர் வந்தீர்கள்? நஃபீசா அடுப்படிக்குப் போகத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். புள்ளைங்க படிக்கிற ஊரு எப்படி இருக்குன்னு பாத்துட்டுப் போக வந்தேன், பாத்தாச்சு, எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு, பெட்டி காலியாவே கூத்தாநல்லூருக்குத் திரும்பும் என்றேன். நஃபீசா எனக்கு மட்டும் இஞ்சி தட்டி இன்னொரு டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

ஆகவே மகனே, உன் வார்த்தையைத் தட்டியது உன் மனைவி இல்லை, அவள் அதைக் கேட்கவே இல்லை. தட்டியது நான். கோபம் வந்தால் எனக்கு எழுது, அவளுக்கு எழுதாதே. பிள்ளைகள் படிப்பு முடிகிற வரைக்கும் இவர்கள் இங்கேதான் இருப்பார்கள், உனக்குக் கவலையாக இருந்தால் மாதம் ஒருதரம் நான் வந்து இருந்துவிட்டுப் போகிறேன், கேரம் பலகை இருக்கிறது. வெள்ளை அடித்த உள்ளறையில் ஜன்னத் நெல் மூட்டை அடுக்கிக்கொள்ளட்டும். தெருவில் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் வாய் இருக்கிறது. நீ எனக்குப் பிள்ளையாகப் பிறந்தது ஒரு பாக்கியம் என்றால், இவள் உனக்கு வாய்த்தது அதைவிடப் பெரிய பாக்கியம், இதை அவள் எதிரில் சொல்ல மாட்டேன், தலையில் ஏறிவிடுவாள்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் கொடுத்து, பிள்ளைகள் முகம் பார்க்கச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும். வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் போகாதே. கேசட்டை அப்துல் அஜீஸ் திரும்பும்போது கொடுத்தனுப்புகிறேன், அறைக்காரப் பிள்ளைகளையும் உட்கார வைத்து முழுக்கக் கேள். கேட்டு முடித்ததும் ஆசையில் அங்கேயே வைத்துக்கொள்ளாதே, அடுத்து வருகிறவர் கையில் மறக்காமல் திருப்பி அனுப்பு. நஃபீசாவிடம் உன் குரல் அலமாரி நிறைய இருக்கிறது. எனக்கு என்று இருப்பது அந்தச் செருமலுக்கு முன்னால் நீ கூப்பிடுகிற ஒரு அம்மா மட்டும்தான்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா
ரஹ்மத் பீவி