மஞ்சள் துணி தைத்த மூலை

அண்ணி,

கூடத்துக்குள் கால் வைத்ததும் அந்துருண்டை வாசம் முகத்தில் அடித்தது. சென்னையில் இந்த வருடமும் ஒட்டுப்போர்வைக் கண்காட்சி வைத்திருக்கிறார்கள். கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மீஞ்சூரில் ரயில் ஏறினேன். நீ இல்லாமல் போவது இதுதான் முதல் தடவை. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு, யார் கேட்டும் நகர்த்தாமல் சண்டைக்காரி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வந்திருந்தவர்களை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருத்தி தன் வீட்டு சோபாவைக் கைப்பேசியில் படம் பிடித்து வந்து, ஒவ்வொரு போர்வையோடும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பெரியவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தையல் எவ்வளவு நெருக்கம் என்று ஆராய்ந்தார். இன்னொரு அம்மாள், "பழவேற்காடுன்னு போட்டிருக்கே, மீன், படகு ஒண்ணையும் காணோமே" என்று குறைப்பட்டாள். நாள் முழுக்க மீனோடு மாரடிப்பவள் போர்வையிலுமா மீனைத் தைப்பாள் என்று கேட்க வாய்வரை வந்தது.

நாம் தேடிப் போனது வேறு. நீ வந்த வருடங்களில் ஒவ்வொரு போர்வையாகத் தூக்கி மூக்கில் வைத்துப் பார்ப்பாய். ஜனங்கள் ஒதுங்கிப் போவார்கள். எனக்கு மானம் போகும். "இன்னா அண்ணி இது, எல்லாரும் பாக்கறாங்க" என்றால், "பாக்கட்டும். எம்புருசன் வாசம் எனக்குத் தெரியாதா பாப்பா?" என்பாய்.

அண்ணனைக் கடல் கொண்டுபோனபோது உடம்புகூடக் கரைக்கு வரவில்லை. பசியாவரம் வரை ஏரியிலும் தேடினார்கள். மகன் வருவான் என்று கோட்டைக்குப்பம் கரையில் உட்கார்ந்த நைனா சோற்றுக்குக்கூட எழுந்து வரவில்லை. நீ மட்டும் வீட்டுக்குள் போய், கொடியில் கிடந்த அவர் லுங்கிகளையும் சட்டைகளையும் எடுத்து, துவைக்காமலே வெட்டிப் போர்வையாகத் தைத்தாய். "தோச்சா அவுரு போயிடுவாரு. கடலு குடுக்கல, துணியாவது குடுக்கட்டும்" என்றாய்.

யார் வலை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கு மிதப்பில் ஆளுக்கொரு நிறத்தில் துணி கட்டுவார்கள் அல்லவா, அண்ணனுடையது மஞ்சள். அதில் ஒரு துண்டைப் போர்வையின் மூலையில் வைத்துத் தைத்து, வலை நூலால் வலை முடிச்சே போட்டு இறுக்கினாய். அதன்பிறகு அந்தப் போர்வையை யாரையும் தொடவிடவில்லை.

இந்தக் கண்காட்சிக்குப் பழைய போர்வைகள் கேட்டுச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்த அன்று மழை கொட்டியது. வீட்டில் இரண்டு போர்வைகள் இருந்தன. கடைத்துணியில் தைத்த மற்றதைக் கொடுப்பதாகத்தான் பேச்சு. வலை மடித்துப் பழகிய உன் கை, இரண்டையும் அடையாள மூலை உள்ளே போகும்படி ஒரே மாதிரி மடித்து வைத்திருந்தது. கூரை ஒழுகிய இடத்துக்குக் குண்டான் வைக்கிற அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டாய். விளக்கு வைக்கும் நேரத்தில் மிஞ்சியதை விரித்தாய், மூலையில் மஞ்சள் இல்லை. அண்ணன் போனபோது நீ அப்படி அலறவில்லை. அவர்களைக் கேட்டால், எல்லாம் கலந்துவிட்டது, எங்கே இருக்கிறதோ தெரியாது என்றார்கள்.

இந்த வருடம் அது இருந்தது அண்ணி. கடைசிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். ஒரு மூலை என் தோளுக்கு நேராகத் தொங்கியது. மஞ்சள் துணி வெளுத்திருந்தது, முடிச்சு அவிழவில்லை. பக்கத்து அட்டையில், 'கைத்தையல், பழவேற்காடு. தைத்தவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது.

கையை நீட்டினேன். அங்கிருந்த பெண் ஓடிவந்து, "தொடாதீங்கம்மா" என்றாள்.

"எங்க அண்ணி தச்சதும்மா இது. ஒரே ஒரு வாட்டி மோந்து பாத்துட்டுப் போயிடறேன்."

நல்ல பெண். விலகி வழிவிட்டாள். "தாராளமா பாருங்க, ஒரு வாசனையும் இருக்காது. வந்தப்போ ஒரே கவிச்சி. ரெண்டு தடவை மருந்து போட்டு வாஷ் பண்ணித்தான் மாட்டினோம்" என்றாள் பெருமையாக.

முகத்தை வைத்தேன். அந்துருண்டை. அதற்கடியில் சோப்பு. அதற்கடியில் ஒன்றுமில்லை.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களோ என்னவோ. நான் கேட்கவில்லை. வீட்டுக்கு எதைக் கொண்டுவருவது? நல்லவேளை நீ வரவில்லை என்று நினைத்தேன். அப்படி நினைத்துவிட்டோமே என்று மீஞ்சூர் வரும்வரை அழுதேன்.

வீட்டில் மிஞ்சிய அந்தப் போர்வை இப்போது என்னிடம் இருக்கிறது. "வெறும் துணி" என்று திட்டிக்கொண்டே கடைசிவரை நீ போர்த்திக் கிடந்தாயே, அதுதான். இறால் உரித்த கை, விறகுப் புகை, தேங்காயெண்ணெய், எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி, "நாறுதுடி, தோச்சுப் போடு" என்கிறாள். அவளோடு பேச்சை நிறுத்திவிட்டேன். தினமும் முகத்தைப் புதைத்துப் பார்க்கிறேன். நீ போன புதிதில் போர்வை முழுக்க இருந்தாய். இப்போது கழுத்துப் பக்கம் மட்டும்தான் இருக்கிறாய், அண்ணி.