மெமரியின் அளவு

ஷார்ஜா, 12.11.2004

அன்புள்ள பவானிக்கு, கர்ணன் எழுதுவது. இங்கே நான் நலம். உத்தமபாளையத்தில் நீயும் அத்தையும் நலமா?

நீ வீட்டில் கோர்ட்டு மனு டைப் அடிக்கையில் கம்ப்யூட்டர் திணறுது, மெமரி கூட்டணும் என்று கம்ப்யூட்டர் கடைக்கார ஈஸ்வரபாண்டி மூன்று தடவை வந்து சொன்னானாமே. “எம்புட்டுப் பொறுமையாச் சொல்லித் தந்தாக” என்று வேறு எழுதியிருக்கிறாய். மூன்று தடவையும் காப்பி கொடுத்தாயா? என் டம்ளரிலா?

மெமரி வாங்க நானே இங்கே கடைக்குப் போனேன். “எந்த வகை? அட்டையோட அடி விளிம்புல வெட்டு எங்கன இருக்கு?” என்று கேட்டார்கள். முழித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நீ கரண்டு வயரைப் பிடுங்கிவிட்டு, பழைய மெமரியைக் கழற்றித் தாளில் வைத்து, வெட்டு தெரியச் சுற்றி வரைந்து அனுப்பு. பொங்கலுக்கு வந்து நானே மாட்டுகிறேன். அதுவரை அது மெதுவாகவே ஓடட்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. தாளின் பின்பக்கம் உன் இடது கையையும் வைத்து வரை, வளையல் அளவுக்குத்தான். பென்சிலை நீயே பிடி, அவனிடம் கொடுத்துவிடாதே.

உன் கர்ணன்