அறிவுமதியின் கையில் எரியாத விளக்கு

அனுப்புநர்:
ப. இருசப்பன்,
மோட்டார் காயில் கட்டும் கடை,
செங்கம் சாலை, திருவண்ணாமலை.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: மின்காந்தத் தூண்டலை அருளென்று காட்டி என் மகளின் திருமணத்தைக் கெடுத்த ‘ஜோதி சாமி’ என்கிற மூர்த்தி மீது நடவடிக்கை கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆடிப் பௌர்ணமி மாலை, அடி அண்ணாமலை கிரிவலப் பாதையில், மூர்த்தி தன் முன்னால் இருந்த பலகைமேல் என் மகள் அறிவுமதியைக் கை நீட்டச் சொல்லி, அந்தக் கையில் ஒரு விளக்கை வைத்தார். எரியவில்லை. முன்னால் நின்ற பதினோரு பேர் கையில் எரிந்தது. “இந்தக் கையில அருள் ஏற மாட்டேங்குது. குடும்பத்துல அழுக்கு ஜாஸ்தி” என்று கூட்டத்தின் முன் சொன்னார். எங்களை அங்கே கூட்டிப்போனவர் மாப்பிள்ளையின் தாயார், செங்கத்து ராணியம்மாள். ஆனியில் தட்டு மாற்றி ஆவணியில் முகூர்த்தம் குறித்திருந்தோம். சம்பந்தம் வேண்டாமென்று அங்கேயே சொல்லிவிட்டு அவர் பஸ் ஏறினார்.

2. மேற்படி மூர்த்தி என் கடையில் ஆறு வருடம் காயில் கட்டியவர். எரிந்த கம்பியைப் புதுக்கம்பியென்று சுற்றியதால் வெளியே அனுப்பினேன். தாடியோடு பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. ஆனால் நேற்று டீ ஆற்றியவர் இன்று சாமியாவது இந்த ஊரில் புதிதல்ல என்பதால் நானும் கைகூப்பினேன்.

3. சங்கதி இதுதான். பலகைக்கு அடியில் இரும்பில் சுற்றிய காயில், அதற்குக் கரண்ட். விளக்குக்குள் ஒரு சின்ன பல்பு, அதன் அடியில் மெழுகுக்குள் இன்னொரு சின்னக் காயில். இரண்டும் தொடாமலே, கம்பி இல்லாமலே, காந்தத்தின் வழியாக மின்சாரம் தாவும். நடுவில் உள்ளங்கை இருந்தாலும் தடையில்லை. அவர் கால் வைக்கும் பாய்க்குக் கீழே சுவிட்ச். மிதித்தால் அருள், காலை எடுத்தால் பாவம். அன்று பலகைக்கு அடியில் ஒரு உறுமல் கேட்டது. முப்பது வருடமாக அந்த உறுமலில் சோறு தின்கிற நான், ஓங்காரமென்று கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் கடையில் அதே சத்தம் கேட்டபோதுதான் உறைத்தது. அதே மாதிரி கட்டிப் பார்த்தேன், எரிந்தது. செங்கத்துக்கு எடுத்துப்போய் ராணியம்மாளிடம் காட்டினேன். “உங்க மிஷின் வேற, சாமி அருள் வேற” என்றார். தாங்கள் அனுமதித்தால் தங்கள் மேஜையிலும் காட்டுவேன்.

4. அறிவுமதி வாசலுக்கு வருவதில்லை. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்திருக்கிறது.

5. மூர்த்தி இப்போது ராஜேந்திரன் என்பவரைத் தூது அனுப்பி, ஊரைவிட்டே போய்விடுவதாகச் சொல்கிறார். எனக்குச் சம்மதமில்லை. ஐயா அவர்களும் அவசரப்பட்டுக் கைது செய்து அவரைக் காப்பாற்றிவிட வேண்டாம். வழக்கு பிறகு ஆகட்டும். ஆவணிப் பௌர்ணமியன்று, அதே இடத்தில், செங்கத்துக்காரர்களையும் வரவழைத்து, விளக்கை மூர்த்தியின் கையில் வைக்க உத்தரவிட வேண்டுகிறேன். சுவிட்ச் அறிவுமதியின் காலடியில் இருக்க வேண்டும். எரிய விடுவதும் விடாததும் அவள் இஷ்டம். இதற்குக் கம்மியாக எதற்கும் நான் சமாதானமாகப் போவதாக இல்லை.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 25.08.2003

இப்படிக்கு,
ப. இருசப்பன்
(கையொப்பம்)