தினம் ஒரு டம்ளர் வைன்

டிச. 3, புதன்

காலையிலிருந்து தூறல். குடையை ரயிலில் விட்டாயிற்று. வாங்க வேண்டியது: புளி, டார்ச் செல், ஷீபாவுக்கு டிஃபன் பாக்ஸ் (இந்த வருடம் நாலாவது).

ஷீபாவுக்கு மறுபடி வேலை போய்விட்டது. இருபது வயதுக்குள் மூன்றாவது. திருமுடிவாக்கம் கம்பெனியில் போல்ட் எண்ணிப் பாக்கெட் போட வேண்டும், அவ்வளவுதான். "எத்தனை வாட்டி சொன்னாலும் மறந்துடுது மேடம். வேணும்னே பண்ணுது" என்கிறார் சூப்பர்வைசர். கணக்கு டீச்சர் நான் பெற்ற பெண்!

சாயங்காலம் தாம்பரத்தில் புது டாக்டர். எல்லாம் விசாரித்துவிட்டு, "இவ வயித்துல இருக்கும்போது ட்ரிங்க்ஸ் எடுத்தீங்களா?" என்றாள். என்னைப் பார்த்து! "நாங்க அந்த மாதிரி ஃபேமிலி இல்ல டாக்டர்" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன். திமிர் பிடித்தவள்.

டிச. 7, ஞாயிறு

ஆராதனை முடிந்து இரும்புலியூர், நாத்தனார் வீடு. கிறிஸ்துமஸுக்குப் போட்ட திராட்சை வைனை வடிகட்டிக்கொண்டிருந்தார். முதல் டம்ளர் மாசமாக இருக்கும் மருமகளுக்கு. "தினம் ஒரு டம்ளர் குடிம்மா. ரத்தம் ஊறும், கொழந்த செவப்பா பொறக்கும்."

எனக்கும் இதையேதான் சொன்னார். ஏழு மாதம், தினமும் குடித்தேன். வீட்டில் போடும் வைனும் சாராயம்தான் என்று யார் நினைத்தோம்? டம்ளரைப் பிடுங்கி சிங்கில் கொட்டினேன்.

"இன்னாடி, பைத்தியமா உனக்கு? நீ குடிக்கல? உம்பொண்ணு செவப்பாத்தானே பொறந்தா?"

அறைந்திருப்பேன். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

டிச. 8, திங்கள்

வெயில். துணி காய்ந்தது.

வீட்டுக்காரர்: "டாக்டர்கிட்ட போய் இதெல்லாம் உளறாத. சர்ச்சுல அக்கா பேரு கெட்டுடும்." அக்கா பேராம்! பெற்ற பெண் நாசமாய்ப் போனாலும் அக்கா பேர் கெடக் கூடாது. சாம்பாரில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றே. தின்னட்டும்.

டிச. 10, புதன்

அரை நாள் லீவு. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். ஷீபாவும் பக்கத்தில்.

"வேற காரணம் இருக்கான்னும் பாக்கணும். ஆனா நீங்க சொல்றதுக்கு இதுதான் ஒத்து வருது. வயித்துலயே மூளைக்குப் பட்ட பாதிப்பு. ஆயுசுக்கும் இருக்கும். கூட ஒரு ஆள் நின்னு ஒவ்வொண்ணா காட்டினா வேலைக்குப் போகலாம். இவ வேணும்னு எதுவும் பண்ணல" என்றார்.

பஸ் ஸ்டாண்டில் எனக்கு அழுகை. "அம்மாவுக்கு அப்போ தெரியாதுடி" என்றேன்.

"எனக்குந்தான் கணக்கு தெரியல" என்றாள். "என்ன மட்டும் ஏம்மா அடிச்ச?"