இரண்டாவது கியரும் உன் நல்ல பெயரும்

அன்பு மகள் அஃப்ஷீனுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். கோவையில் நானும் உன் அத்தாவும் சுகம், மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். போனில் பேசினால் அத்தா காதை நீட்டுவார், அதனால்தான் மிளகாய்ப்பொடி பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

எனக்கு உன்மேல் பொறாமை. பெற்றவள் இப்படி எழுதலாமா என்றால், பெற்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். நான் லைசென்ஸ் வாங்கி, நீ ஓட்டிக்கொண்டிருந்த நம் பழைய காரை எடுத்த நாள்முதல் இரண்டாவது கியர் எனக்குக் கரகரவென்று கத்தும், சிலசமயம் விழவே விழாது. சிக்னலில் நின்றுபோனால் அத்தா தலையை வெளியே நீட்டி, ஹாரன் அடிப்பவனிடம், "எம்புள்ள போட்டா வெண்ணெயாட்டம் விழுமுங்க" என்கிறார்! இன்னொரு தடவை கத்தினால் வண்டியை விற்றுப்போடுவேன் என்று மிரட்டல் வேறு. விற்றால் நான் மறுபடி அவர் ஸ்கூட்டரில் பின்சீட்டு மூட்டைதான்.

போன வியாழக்கிழமை அவர் கடைக்குப் போனதும் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு கணபதி ஏரியாவுக்குப் போனேன். ஒர்க்‌ஷாப் நஞ்சுண்டன் காருக்கடியில் படுத்து எழுந்து, விரல்நுனி அளவு பிளாஸ்டிக் வளையத்தைக் காட்டினார். "ஏனுங்க்கா, கியர் கம்பியில மாட்டற புஷ்ஷு இது. தேஞ்சு மூணு வருசமாச்சும் இருக்குமுங்க. முன்னால ஓட்டுனவங்க லிவரை எடப்பக்கம் சாச்சு இழுத்தே சமாளிச்சிருப்பாங்க" என்றார். அடி கள்ளி! சாய்த்து இழுத்தே அத்தாவிடம் பெயர் வாங்கியிருக்கிறாய், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

புது புஷ் போட்டு கிளட்ச் கேபிளையும் இறுக்கிக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பொள்ளாச்சி வரை ஓட்டினேன். ஒரு சத்தமில்லை. கிணத்துக்கடவு தாண்டும்வரை அவர் என் கையையும் லிவரையுமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் மெதுவாக, "ஏம்மா மெஹராஜ், அப்படியே அஃப்ஷீன் ஓட்டறாப்பலயே இருக்குது" என்றார். ஓட்டியது நான், அங்கேயும் நீயே வந்து உட்கார்ந்துவிட்டாய்! ஆனால் விற்கிற பேச்சு அதோடு நின்றது.

புஷ் மாற்றியது அவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். வெள்ளிக்கிழமை போன் செய்யும்போது, அம்மா என்னைவிட நன்றாக ஓட்டுகிறார்கள் என்று அத்தாவிடம் நீயே எடுத்துச் சொல். சொல்லாவிட்டால் நீ சாய்த்து இழுத்த கதையை நான் சொல்வேன். குளிரில் காதை மூடிக்கொள், மாப்பிள்ளைக்கு சலாம். அல்லாஹ் உங்கள் இருவரையும் நிறைவாக வைக்கட்டும். வெள்ளிக்கிழமை, மறந்துவிடாதே.

உன் பெயரைத் தட்டிப் பறிக்கக் காத்திருக்கும் அம்மா,
மெஹராஜ்